சந்தா நின்ற பிறகும் என் படங்கள் திறக்க வேண்டும்: எடிட்டிங் மென்பொருட்களோடு பத்து வருடம்

படம் எடுப்பது எனக்குத் தொழில் இல்லை. விடுமுறை கிடைத்தால் பறவைகள், வீட்டில் விசேஷம் என்றால் முகங்கள். ஒரு மாதம் ஆயிரம் படம் சேரும், அடுத்த மூன்று மாதம் கேமரா பையைத் திறக்கவே நேரம் இருக்காது. மென்பொருளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அது எனக்குப் புரிய நாளாயிற்று.

2015-ல் அடோபி நிறுவனத்தின் பட எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் 6 வாங்கினேன். ஒரு முறை பணம் கட்டினால் போதும் என்ற நிம்மதி இருந்தது. 2017 அக்டோபரில் அடோபி, இனி புதிய லைட்ரூம் சந்தாவில் மட்டும்தான் என்று அறிவித்தது. அந்த டிசம்பரில் வந்த 6.14 தான் கடைசி அப்டேட். நான் வாங்கியது அதன் பிறகும் நன்றாகவே ஓடியது. ஆனால் புதிதாக வரும் கேமராக்களின் ரா கோப்புகளை (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகள்) அது திறக்காது. நான் கேமரா பாடியை மாற்றியபோது கோப்புகள் கேனனின் புதிய ரா வடிவமான சிஆர்3 ஆகிவிட்டன. அடோபியே இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் போட்டு, லைட்ரூம் 6 திறக்கக்கூடிய டிஎன்ஜி வடிவத்துக்கு மாற்றி உள்ளே கொண்டுவந்தேன். வேலை நடந்தது. ஆனால் எடிட் செய்ய உட்காரும் ஒவ்வொரு முறையும் முதல் அரை மணி நேரம் மாற்றுவதிலேயே போனது. அன்றிலிருந்து, நிரந்தர உரிமம் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடுத்த கேமரா எப்போது வாங்கப் போகிறீர்கள்?

அப்புறம் சில வருடம் சந்தாவில் லைட்ரூம் கிளாசிக். மனதார நல்ல மென்பொருள். 2021-ல் வானத்தையும் ஆளையும் தானாகவே தேர்ந்தெடுக்கும் மாஸ்க் வந்தது, 2023-ல் இரைச்சலை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளை, நீக்கும் ஏஐ டீநாய்ஸ் வந்தது. இரண்டும் என் நேரத்தை நிஜமாகவே மிச்சப்படுத்தின. மாதாமாதம் எடிட் செய்பவருக்குச் சந்தா நியாயமான செலவு. எனக்கு உறுத்தியது வேறு. சந்தா முடிந்தாலும் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட்டும் செய்யலாம், ஆனால் எடிட் செய்யும் டெவலப் பகுதி மூடிவிடும். அதாவது நான் செய்த வேலை என்னிடம் இருக்கும், அதைத் தொடர மட்டும் முடியாது. செய்த மாற்றங்களையும் குறிப்புகளையும் எக்ஸ்எம்பி என்ற தனிச் சிறு கோப்பாகப் படத்தோடு எழுதி வைத்தால் நட்சத்திரக் குறிகளும் கீவேர்டுகளும் வேறு மென்பொருளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். வண்ணமும் டோனும் அப்படியே போகாது, ஏனென்றால் ஒவ்வொரு மென்பொருளும் தன் சொந்தக் கணக்கில் ஒளியைக் கையாள்கிறது.

சந்தா எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 'மாதம் இவ்வளவு' என்று போட்டிருப்பது பல நேரம் ஒரு வருட ஒப்பந்தத்தின் மாதத் தவணைதான். நடுவில் நிறுத்தினால் கட்டணம் பிடிப்பார்கள். எந்த மாதமும் நிறுத்தக்கூடிய திட்டம் தனியாக, கூடுதல் விலையில் இருக்கும்.

இப்போது என் அன்றாட மென்பொருள் டார்க்டேபிள். 2009 முதல் இருக்கிறது, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், காசு இல்லை, வருடத்துக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வருகிறது. முதல் மூன்று மாதம் ரொம்பக் கஷ்டப்பட்டேன். அந்தி வெளிச்சத்தில், கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400-க்கு உயர்த்தி எடுத்த ஒரு மீன்கொத்திப் படம் இருந்தது. லைட்ரூம் பழக்கத்தில், பிரகாசமான பகுதிகளை அடக்கும் ஹைலைட்ஸைத் தேடினேன். இங்கே அணுகுமுறையே வேறு: முதலில் எக்ஸ்போஷரைக் கூட்டி நடுத்தர ஒளியைச் சரி செய்ய வேண்டும், வெள்ளை நெஞ்சு வெளுத்துப் போவதைப் பற்றி அப்போது கவலைப்படக் கூடாது. அதை அடுத்து, பிரகாசத்தைத் திரைக்கு ஏற்ப அமைக்கும் சிக்மாய்டு என்ற கருவி அடக்கிவிடும். பிறகு டீநாய்ஸ் ப்ரொஃபைல்டு. அது அந்தக் கேமராவுக்கு, அந்த ஐஎஸ்ஓவுக்கு என்று அளந்து வைத்த இரைச்சல் அளவை எடுத்துக்கொள்கிறது. முதுகின் நீலத்தில் இருந்த புள்ளிகள் போயின, இறகின் கோடுகள் நின்றன. முதல் தடவை அந்தப் படத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது அதே மாதிரிப் படத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஏஐ டீநாய்ஸ் அளவுக்குச் சுத்தமாக வருமா என்றால், இல்லை. அந்த வேறுபாடு பெரிய பிரிண்டில் தெரியும்.

அந்த வேறுபாடு முக்கியம் என்பவர்கள் டிஎக்ஸ்ஓ போட்டோலேப் பார்க்கலாம். நிரந்தர உரிமமாகவே விற்கிறார்கள், டீப்ப்ரைம் இரைச்சல் நீக்கம் அருமை. கேப்சர் ஒன்னிலும் நிரந்தர உரிமம் உண்டு, ஆனால் 2023 முதல் அதோடு புதிய வசதிகள் வருவதில்லை, அவற்றுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும். ராதெரப்பி இலவசம், நல்ல தரம்.

படத்தின் மேல் அடுக்கடுக்காக லேயர் போட்டு வேலை செய்ய அஃபினிட்டி இருக்கிறது. 2024-ல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. கேன்வா கணக்கு தேவை, ஏஐ கருவிகளுக்குத் தனிச் சந்தா. அதே வேலைக்கான இலவச மென்பொருள் ஜிம்ப் 2025 மார்ச்சில் 3.0-க்கு வந்து, எஃபெக்ட்களைப் பின்னால் மாற்றக்கூடிய வசதியைக் கொடுத்துவிட்டது. என் தேவைக்கு அதுவே போதும்.

ஒரு சிறிய நிறுவனத்தின், வேறு மென்பொருளோடு சேர்ந்து ஓடும் பிளக்-இன் ஒன்றை 'வாழ்நாள் உரிமம்' என்று வாங்கியிருந்தேன். கணினி மாற்றியபோது உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் சர்வரே இல்லை. மெயிலுக்குப் பதிலும் இல்லை. அதில் செய்த கறுப்பு வெள்ளைப் படங்களில் என்னிடம் இருப்பது சின்ன ஜேபெக் மட்டுமே. அவற்றில் இரண்டு, இப்போது நம்மோடு இல்லாத ஒருவரின் முகங்கள்.

அதனால் இப்போது எந்த மென்பொருளில் செய்தாலும், மனதுக்கு நெருக்கமான படம் என்றால் மூன்று கோப்பாக வைக்கிறேன்: ரா, அதன் எக்ஸ்எம்பி, முழு அளவில் 16 பிட் டிஃப் (பெரும்பாலான மென்பொருட்கள் திறக்கும், தரம் குறையாத பட வடிவம்). டிஃப் இடத்தை அடைக்கும், ரா கோப்பைவிடப் பல மடங்கு பெரிது. பரவாயில்லை என்று தனி ஹார்டு டிஸ்க்கே ஒதுக்கிவிட்டேன். சந்தாவை நிறுத்த நினைப்பவர்கள் நிறுத்தும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஐந்து நட்சத்திரம் போட்ட படங்களையாவது இப்படி எடுத்து வைத்துவிடுங்கள்.