‘1300 டிகிரி’ எலெக்ட்ரிக் சூளை: அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

மண்பாண்ட ஸ்டுடியோவுக்கு எலெக்ட்ரிக் சூளை செய்யச் சொல்லி உள்ளூர் ஃபேப்ரிகேட்டரிடம் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு. எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்த சூளையில் கொட்டேஷனில் எழுதியது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. எது எது மாறியிருந்தது, எதை வைத்து அதைப் பிடிக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறோம். ஆள் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வேலையை இப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

கொட்டேஷன் சொன்னது: முன்பக்கக் கதவு, 130 லிட்டர், 9 கிலோவாட், மூன்று ஃபேஸ், அதிகபட்ச வெப்பம் 1300 டிகிரி. சூடேற்றும் எலிமெண்டுக்கு 2 மி.மீ. காந்தால் ஏ-1 கம்பி, வெப்பம் அளக்கும் சென்சாராக எஸ் டைப் தெர்மோகப்பிள், உள்சுவருக்கு ஜேஎம்-26 இன்சுலேஷன் கல். படிக்க நன்றாகத்தான் இருந்தது. டெலிவரி அன்று கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஃபேஸிலும் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 3 கிலோவாட். மூன்றும் சேர்ந்து 9. டெமோவில் டிஸ்ப்ளே 1230-ஐத் தொட்டது. வாங்குகிறவர் கேட்கிற எண்கள் இரண்டுதான், கிலோவாட்டும் டிகிரியும். அந்த இரண்டையும் கச்சிதமாக வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றிலும் கை வைத்திருந்தார்கள்.

முதல் சந்தேகம் கோனில் வந்தது. கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் இளகி வளையும் சிறு கூம்பு; எண் ஏற ஏற வளையும் சூடும் ஏறும். ஆர்டன் கோன் 6, கடைசி 100 டிகிரியில் மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏற்றினால் 1222 டிகிரி வாக்கில் வளைந்துவிடும். டிஸ்ப்ளே 1230 காட்டியும் கோன் 6 விறைப்பாக நின்றது. பக்கத்தில் வைத்த கோன் 4 மட்டும் வளைந்திருந்தது. அது 1160-ஐ ஒட்டி விழுவது. கிளேஸும் (சாமான் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு) அதையே சொன்னது: பளபளப்பில்லாமல், விரல் வைத்தால் சொரசொரப்பாக, ஓரத்தில் உருகாத வெள்ளைப் பொடியோடு. அப்படியானால் டிஸ்ப்ளே கிட்டத்தட்ட 60 டிகிரி கூட்டிக் காட்டுகிறது.

காரணம் சென்சாரில் இல்லை, பேனலில் இருந்தது. சூளையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பிஐடி கன்ட்ரோலர்கள் பெரும்பாலானவற்றில் ‘ஆஃப்செட்’ அல்லது ‘பயாஸ்’ என்று ஒரு செட்டிங் உண்டு. சென்சார் இரண்டு மூன்று டிகிரி தப்பாகக் காட்டினால் சரிசெய்ய வைத்திருப்பது. அதில் 60 போட்டு, மெனுவுக்குப் பாஸ்வேர்டும் வைத்திருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பாஸ்வேர்டே வேண்டாம். ராத்திரி முழுக்க ஆறிய சூளையைக் காலையில் ஆன் செய்யுங்கள். அறை வெப்பம் 31 என்றால் டிஸ்ப்ளேயும் 31 பக்கத்தில் காட்ட வேண்டும். எங்களுடையது 91 காட்டியது. கேட்டதற்கு வந்த பதில்: “கோல்டுல அப்படித்தான் சார் காட்டும், சூடேறினா சரியாயிடும்.” சரியாகாது. ஆஃப்செட் என்பது கீழிருந்து மேல் வரை ஒரே அளவில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆனால் சில கன்ட்ரோலர்களில் வெப்பத்துக்கு ஏற்ப வேறு வேறு திருத்தம் போட முடியும். அங்கே ஆறிய சூளை நல்ல பிள்ளையாக 31 காட்டிவிட்டு மேலே போய்ப் பொய் சொல்லும். ஆகவே டெமோ என்றால் கோன்தான் சாட்சி. கோன் 5, 6, 7 மூன்றையும் ஒரே வரிசையாக, மேல்தட்டு, நடு, அடித்தட்டு என்று மூன்று இடத்தில் வையுங்கள். தட்டுகளிலும் சாமான் நிரப்பியிருக்க வேண்டும்; வெற்றுச் சூளையை எவர் வேண்டுமானாலும் சூடேற்றிக் காட்டலாம். மூன்று இடத்திலும் 5 படுத்து, 6 வளைந்து, 7 நின்றால் அந்த வெப்பம் உண்மை. மேலே 7 படுத்துக் கீழே 5 நின்றால் எலிமெண்ட் பங்கீடு தப்பு, அதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது.

எதற்காக இந்த 60 டிகிரி மோசடி என்றால், மற்ற எல்லா மோசடியும் அதன் நிழலில்தான் உயிரோடு இருந்தது. ஆஃப்செட்டைப் பூஜ்யம் ஆக்கி உண்மையான 1220-க்கு ஏற்ற ஆரம்பித்ததும் எலிமெண்ட் ஒன்று பள்ளத்திலிருந்து தொங்கி அறுந்தது. அறுந்த துண்டைக் கரிய படிவு போகத் தேய்த்து வெர்னியரில் வைத்தால் 1.4 மி.மீ. சொல்லியிருந்தது 2.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஆம்பியர் பார்த்தால் இது பிடிபடவே செய்யாது. ஒரு ஃபேஸுக்கு 3 கிலோவாட் வேண்டுமென்றால் 230 வோல்ட்டில் சுமார் 17.6 ஓம் வேண்டும். 2 மி.மீ. ஏ-1 கம்பியில் மீட்டருக்கு 0.46 ஓம், ஆக 38 மீட்டர் கம்பி, எடை 850 கிராம். 1.4 மி.மீ. கம்பியில் மீட்டருக்கு 0.94 ஓம், 18.7 மீட்டரே போதும், எடை 200 கிராமைக் கொஞ்சம் தாண்டும். ஓம் அதே, ஆம்பியர் அதே, கிலோவாட் அதே. கம்பி மட்டும் கால் பங்கு. கம்பி கிலோ கணக்கில் விற்கிற சரக்கு என்பதால் லாபம் எங்கே இருக்கிறது என்று புரியும். அதே 3 கிலோவாட்டை மூன்றில் ஒரு பங்கு மேற்பரப்பு வெளியே தள்ள வேண்டும். 2 மி.மீ.யில் ஒரு சதுர செ.மீ.க்கு 1.25 வாட், 1.4 மி.மீ.யில் 3.6 வாட். 1200-க்கு மேல் சுடுகிற சூளைக்கு 1.5-க்குக் கீழ் இருப்பது நல்லது. 3.6 என்றால் கம்பி சூளையைவிட எவ்வளவோ அதிகச் சூட்டில் எரியும், தொங்கும், அறும். கம்பி விட்டம், மொத்த எடை, இரண்டையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். காயில் சுற்றும் முன் தராசில் வைத்துப் பார்க்கலாம். 9 கிலோவாட்டுக்கு மூன்று ஃபேஸும் சேர்த்து இரண்டரைக் கிலோ.

சர்வீஸ் வந்த விதம் இதைவிட மோசம். முதலில் “வோல்ட்டேஜ் லோ, நாங்க என்ன பண்றது” என்றார்கள். சுடும்போது எடுத்த அளவு 226-க்குக் கீழே இறங்கவே இல்லை. வோல்ட்டேஜ் நிஜமாகவே படுக்கிற ஊர்கள் உண்டு. அங்கே கணக்கு இப்படி: 230-க்குப் பதில் 200 வந்தால் சக்தி 24 சதவீதம் குறையும், 9 கிலோவாட் சூளை 7-க்குக் கீழே போய்விடும். அதனால் சூளை மெதுவாக ஏறும், அல்லது ஓரிடத்தில் நின்றுவிடும். எலிமெண்ட் அறுவதற்கு லோ வோல்ட்டேஜ் காரணமே ஆகாது. அடுத்து, “செட்டிங்கை மாத்திட்டீங்க, வாரண்ட்டி போச்சு.” பில்லைக் காட்டிப் பேசிய பிறகு டெக்னீஷியன் வந்து ஒரு ரெடிமேட் காயிலை மாட்டிவிட்டுப் போனார். அதன் மேல் சாதாரண ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்தோம். ஒட்டவில்லை.

காந்தால் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை. அறை வெப்பத்தில் காந்தம் பளிச்சென்று ஒட்டும். ஒட்டாதது 80/20 நைக்ரோம் (நிக்கல் 80, குரோமியம் 20 சதவீதம்). கம்பியே தாங்குவது 1200 டிகிரி வரைதான், சூளை 1220-இல் இருக்கும்போது கம்பி அதைவிடச் சூடாக இருக்கும். பிஸ்க் (கிளேஸ் பூசும் முன் சுடும் முதல் சூடு) மட்டும் சுடுகிறவர்களுக்கு நைக்ரோம் பல காலம் ஓடும், அதிகச் சூட்டில் சுடும் ஸ்டோன்வேருக்கு ஆகாது. காந்தச் சோதனை நைக்ரோமைப் பிடிக்கும், மலிவான காந்தால் வகைகளைப் பிடிக்காது. டி ரகமும் ஒட்டும். அதற்கு 10 மீட்டர் அளந்து மல்டிமீட்டரில் பாருங்கள். 2 மி.மீ. ஏ-1 என்றால் 4.6 ஓம், டி என்றால் 4.3. மீட்டரின் முனைகள் இரண்டையும் சேர்த்து வைத்து வரும் ஓமைக் கழிக்க மறக்க வேண்டாம்.

எலிமெண்டைப் பிடித்து வைக்கும் ஊசிகளையும் பாருங்கள். எங்களுடையதில் சாதாரண இரும்புக் கம்பியை யூ வடிவில் வளைத்துக் குத்தியிருந்தார்கள். அது துருப்பொரியாக உதிர்ந்து எலிமெண்டில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் கம்பியைக் காக்கும் அலுமினா மேல்பூச்சு போய்விடும். ஊசியும் காந்தாலில்தான் இருக்க வேண்டும்.

தெர்மோகப்பிள்: சொன்னது எஸ், வந்தது கே. எஸ் என்பது பிளாட்டினம்-ரோடியம். முடி மாதிரி மெல்லிய இரண்டு கம்பிகள், எதிலும் காந்தம் ஒட்டாது, விலையும் பல மடங்கு. கே தடித்த கம்பி, அதன் ஒரு காலில் காந்தம் ஒட்டும். கே டைப்பை 1200-க்கு மேல் அடிக்கடி கொண்டுபோனால் மெல்ல மெல்லக் குறைத்துக் காட்டத் தொடங்கும். டிஸ்ப்ளே 1220 சொல்லும்போது உள்ளே அதைத் தாண்டியிருக்கும், கிளேஸ் தட்டில் ஓடும். பின்னால் எஸ் வாங்கி மாட்டுகிறவர்கள் கன்ட்ரோலரின் இன்புட்டையும் இணைப்பு வயரையும் சேர்த்து மாற்ற வேண்டும். கே செட்டிங்கிலேயே விட்டால் உள்ளே 1200 இருக்கும்போது டிஸ்ப்ளே 400-ஐக்கூடத் தொடாது, சூளை ஏறிக்கொண்டே போகும்.

அப்படி ஏறும்போது தடுக்க எங்கள் பேனலில் ஒன்றும் இல்லை. ஃபேஸுக்கு ஒரு எஸ்எஸ்ஆர் (எலிமெண்டை ஆன்-ஆஃப் செய்யும் எலெக்ட்ரானிக் ஸ்விட்ச்), அவ்வளவுதான். எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி ‘ஆன்’ நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒரு கான்டாக்டர் (மின்காந்த ஸ்விட்ச்) இருக்க வேண்டும், வெப்பம் எல்லை தாண்டினால் அதைத் தனி ஓவர்-டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வெட்டும்படி. கதவைத் திறந்தால் மின்சாரத்தை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச்சும் வேண்டும். இவை இல்லாத சூளையை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். லைனுக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் நான்கு போல் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் ஸ்விட்ச்). புதுச் சூளையில் கல் ஈரமாக இருக்கும்போது ஆர்சிசிபி விழலாம். அதை எடுத்துவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். 120 டிகிரியில் நிதானமாக உலர்த்தினால் நின்றுவிடும்.

கல் விஷயம் சுருக்கமாக: ஜேஎம்-23-இன் வரம்பு 1260 டிகிரி, ஜேஎம்-26-இன் வரம்பு சுமார் 1430. மேல்பூச்சுப் பூசிவிட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். 230 × 115 × 75 மி.மீ. கல்லில் 23 ஒரு கிலோவை ஒட்டி இருக்கும், 26 ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். உபரிக் கல் ஒன்று கேட்டு வாங்கி நிறுத்துப் பாருங்கள்.

பராமரிப்பில் பழி உங்கள் மேல் விழாமல் இருக்க, முதல் நாளே ஒவ்வொரு ஃபேஸின் ஓமையும் அளந்து தேதியோடு பேனல் கதவின் உள்பக்கம் எழுதுங்கள். எலிமெண்ட் வயதாக ஆக ஓம் ஏறும், 10 சதவீதம் ஏறினால் (17.6 இருந்தது 19.4 ஆனால்) மொத்தத்தையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாக மாட்டினால் சூளை ஒரு பக்கம் சாயும். புது எலிமெண்டின் முதல் சூடு சாமான் இல்லாமல், சூளையின் காற்றுத் துளையைத் திறந்து வைத்து, 1050 வரை ஏற்றிச் சில மணி நேரம் நிறுத்தி. அப்போதுதான் அலுமினா மேல்பூச்சு உருவாகும். அதற்கப்புறம் கம்பியை ஆறின நிலையில் வளைத்தால் சுள்ளி மாதிரி முறியும். வளைக்க வேண்டுமென்றால் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சித்தான். பிஸ்க்கில் 700 வரை துளை திறந்தே இருக்கட்டும், மண்ணிலிருந்து வரும் கரியும் கந்தகமும் வெளியே போக. ரிடக்‌ஷனுக்காக உள்ளே கரி போட்டு ஆக்ஸிஜனைக் குறைப்பது எலிமெண்டைக் கொல்வது. கிளேஸ் சொட்டு பள்ளத்தில் விழுந்தால் அந்தக் கல்லை அந்த அளவுக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அடுத்த சூட்டில் அது கம்பியைத் தின்னும். தட்டின் மேல்பக்கத்துக்கு மட்டும் அலுமினா ஹைட்ரேட்டும் கயோலினும் சரிபாதி கலந்த பூச்சு. அடியில் பூசினால் உதிர்ந்து கீழ்த்தட்டுக் கிளேஸில் விழும். பின்பக்க டெர்மினல் போல்ட்டுகளை அவ்வப்போது மெயின் அணைத்து இறுக்குங்கள். அங்கே பிவிசி வயர் இருந்தால் உடனே ஃபைபர்கிளாஸ் வயருக்கு மாற்றுங்கள். சூளையில் செராமிக் ஃபைபர் பஞ்சு இருந்தால் அதைத் தொடும்போது என்95 மாஸ்க் கட்டாயம்.

பணத்தில் கடைசி 30 சதவீதத்தை, உங்கள் இடத்தில், நிரப்பிய சூளையில் கோன் 6 வளைந்த பிறகுதான் தருவோம் என்று ஆர்டரில் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாத ஆளிடம் வாங்க வேண்டாம். எங்கள் பில்லில் ‘ஹீட்டிங் எக்விப்மென்ட் – 1’ என்று மட்டும் போட்டிருந்தது. கம்பி, கல், தெர்மோகப்பிள் எல்லாம் ரகத்தோடு பில்லில் வர வேண்டும், இல்லாவிட்டால் கொட்டேஷனை பில்லோடு சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்று சொல்லி நுகர்வோர் புகாரைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகக் கணக்கில் சேர்ப்பதில்லை. தனியாக ஸ்டுடியோ நடத்துகிற குயவர்கள் அதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அறுந்த கம்பி, ஓம் எழுதிய பக்கம், ஆறிய சூளையில் 91 காட்டும் டிஸ்ப்ளே படம், நின்ற கோன் எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் வையுங்கள்.