டிவி ஜர்னலிசம் படிக்க சேலமா சென்னையா

தங்கச்சிக்கு ரிப்போர்ட்டர் ஆகணும்னு ஆசை, அதனால இந்த லீவுல ரெண்டு பேரும் காலேஜ் காலேஜா ஏறி இறங்கிட்டோம். நம்ம சேலம் பக்கம்னா கருப்பூர்ல இருக்கற பெரியார் பல்கலைக்கழகம், 1997-ல ஆரம்பிச்சது, இதழியலுக்குன்னு தனி துறையே இருக்கு, புது பஸ் ஸ்டாண்டுல ஓமலூர் பஸ் ஏறினா போதும், ஹாஸ்டல் செலவே இல்ல. வீட்டுல இருந்தே போய்வர நினைக்கிறவங்க மொதல்ல இங்கதான் விசாரிக்கணும்.

சென்னைல எனக்கு ரொம்ப புடிச்சது அண்ணா யுனிவர்சிட்டி, ஏன்னா அங்க அண்ணா எஃப்எம் இருக்கு, 2004-ல வந்த நாட்டோட முதல் கேம்பஸ் சமுதாய வானொலி. ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் நல்ல பேரு, ஆனா அது டிகிரி முடிச்சவங்களுக்கான டிப்ளமோ, ப்ளஸ் டூ முடிச்சதும் சேர முடியாது.

ஒரு தனியார் காலேஜ், பேரு வேணாம், நோட்டீஸ்ல பெரிய ஸ்டுடியோ போட்டோ, நேர்ல போனா பூட்டு, சாவி யார்கிட்டனு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல, அவ்ளோ ஃபீஸ் வாங்கிட்டு இப்படி பண்றது ரொம்ப தப்புங்க. விஸ்காம்ல, அதாவது விஷுவல் கம்யூனிகேஷன்ல, சேர்றவங்களும் சிலபஸ பாத்துக்கோங்க, நெறய எடத்துல சினிமா, விளம்பரம், போட்டோகிராஃபிதான் அதிகம், நியூஸ் கம்மி.

ஒரு கேமராவுக்கு எத்தனை பசங்க, எடிட்டிங் அவங்களே பண்றாங்களா, பாடம் எடுக்கறவங்க நியூஸ் சேனல்ல வேலை பாத்தவங்களா, இத கண்டிப்பா கேளுங்க. அப்படியே கடைசி வருஷ பசங்க ஷூட் பண்ண ஒரு நியூஸ் ஸ்டோரிய போட்டு காட்டச் சொல்லுங்க.