டிரம்மா, ஜோஜோவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் கூரைத் தண்ணீர்தான். முதலில் 210 லிட்டர் டிரம் வைத்தேன். மலிவு, நாலு தொட்டிச் செடிக்குப் போதும். வாயில் வலை கட்டாவிட்டால் மட்டும் கொசுப்புழு நெளியும். ஆனால் 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 500 லிட்டர் இறங்குமே! பாதிக்கு மேல் வழிந்தோடுவதைப் பார்த்து வயிறெரிந்தது.

டர்பனில் மழை பெரும்பாலும் கோடையில்தான். ஜூன், ஜூலையில் வானம் கைவிரித்துவிடும். அதைத் தாண்ட 2,500 லிட்டர் ஜோஜோ வேண்டும். (ஜோஜோ ஒரு தண்ணீர்த் தொட்டி நிறுவனத்தின் பெயர்; எந்த பிளாஸ்டிக் தொட்டியையும் இங்கே ஜோஜோ என்றே சொல்லிவிடுகிறோம்.) நிறைந்தால் இரண்டரை டன் கனம். வெறும் மண்ணில் வைத்தால் சாய்ந்துவிடும். கான்கிரீட் தளம் போட்டேன். செலவு கடித்தது, வருத்தமில்லை. பழைய டிரம் இப்போது தொட்டியின் வழியும் நீரைப் பிடிக்கிறது.