வைஃபை வழியே பழைய ஸ்டீரியோவில் பாட்டு: லிரியன் சர்வரும் ராஸ்பெரி பையும், நீண்டகாலப் பயன்பாட்டில்

ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்த பாட்டுகளை ஹாலில் இருக்கும் ஸ்டீரியோவில் கம்பி இழுக்காமல் கேட்க இன்று பல வழிகள் உண்டு. வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓட வேண்டும் என்றால் முதலில் சொல்ல வேண்டியது வீட்டுப் பாட்டுகளை நெட்வொர்க்கில் அனுப்பும் மென்பொருளான லிரியன் மியூசிக் சர்வரையும், அதிலிருந்து பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையும்தான். நாள்பட நாள்பட இரண்டு விஷயங்கள்தான் திருப்தியைத் தீர்மானிக்கின்றன: வைஃபை அறுபடாமல் இருப்பது, பாட்டுகளின் டேக், அதாவது கோப்புக்குள் பதிந்திருக்கும் பாடகர், ஆல்பம் போன்ற விவரம், ஒழுங்காக இருப்பது. டிஜிட்டல் ஒலியை ஆம்ப்புக்கு ஏற்ற அனலாக் சிக்னலாக மாற்றும் டிஏசி சிப்பைத்தான் எல்லோரும் முதலில் விசாரிப்பார்கள்; அதற்கு மூன்றாம் இடம்தான்.

லிரியன் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனத்தில் பிறந்தது. 2006-இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012-இல் இந்த சர்வரிலிருந்து பாட்டை வாங்கிப் பாடும் ஸ்க்வீஸ்பாக்ஸ் பெட்டிகளின் விற்பனையை நிறுத்தியது. ஆனால் சர்வர் ஓப்பன் சோர்ஸ் என்பதால் பயனர்களே வளர்த்து வந்தார்கள். 2024-இல் லாஜிடெக்கின் இணையச் சேவை மூடப்பட்டபோது லிரியன் என்று பெயர் மாறியதே தவிர, வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருந்த பாட்டு எதுவும் நிற்கவில்லை. 2015-இல் வந்து 2019 ஜனவரியில் நிறுத்தப்பட்ட கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ கருவி போன்றவற்றை நினைத்தால் இதன் அருமை புரியும்.

புளூடூத் ரிசீவர் ஒன்றை ஆம்ப்பில் செருகினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்குப் போதும். ஆனால் புளூடூத்தின் அடிப்படை ஒலிச் சுருக்க முறையான எஸ்பிசி கோடெக்கில் பொதுவாக 328 கேபிபிஎஸ் வரைதான் போகும்; சிடி தரப் பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். பாட்டு போனிலிருந்து போவதால், அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் அறுபடும். லிரியனில் போன் வெறும் ரிமோட். அதை அணைத்துவிட்டாலும் பாட்டு சர்வரிலிருந்து நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

தேவையானவை: ராஸ்பெரி பை 3பி+ அல்லது 4, அதன் 40 முள் இணைப்பில் உட்காரும் டிஏசி போர்டு, 8 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, சரியான பவர் அடாப்டர், ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள். ஜீரோ 2 டபிள்யூவும் தாராளமாகப் போதும், அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே உண்டு, முள் வரிசை இல்லாத மாடலை வாங்கினால் சால்டரிங் செய்ய வேண்டியிருக்கும். பை 3, 4 போர்டுகளிலேயே இருக்கும் 3.5 மிமீ துளையிலிருந்து ஆம்ப்புக்கு இணைப்புக் கொடுக்காதீர்கள். அமைதியான இடங்களில் இரைச்சல் நன்றாகக் கேட்கும். பிசிஎம்5102 அல்லது பிசிஎம்5122 சிப் உள்ள சாதாரண டிஏசி போர்டே சுமார் 2 வோல்ட் லைன் அவுட் தரும். சிடி பிளேயர் தருவதும் அதே அளவுதான்.

அடாப்டரில் மிச்சம் பிடிக்கவே கூடாது. 3பி+க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர்; 4-க்கு 3 ஆம்பியர். போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் போர்டுக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது பையின் வேகம் குறையும், யுஎஸ்பி டிஸ்க் காணாமல் போய்த் திரும்ப வரும், வைஃபை தடுமாறும். பார்ப்பவர் ரௌட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

பாட்டு டிஸ்கையும் சர்வரையும் அதே பையில் வைக்கலாம். பை 4-இல் டிஸ்கை நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகினால் அதிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும், கேபிள் மட்டமாக இருந்தால் இன்னும் மோசம். கறுப்பு நிற யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றிவிடுங்கள். சிடியின் வேகம் 1,411 கேபிபிஎஸ், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக்கினால் அதில் பாதி முதல் முக்கால் வரைதான். யுஎஸ்பி 2-க்கு இது ஒரு சுமையே இல்லை. ஒரு ஆல்பம் 250 முதல் 400 எம்பி ஆகும் என்பதால் 500 சிடிக்கும் 200 ஜிபி சொச்சம் போதும்.

பையில் ஓட்டும் மென்பொருளுக்கு, அதை மியூசிக் பிளேயராக்கும் பைகோர்பிளேயர். கார்டில் எழுதி, முதல் முறை மட்டும் லேன் கேபிளில் ஓட்டுங்கள். ரௌட்டர் பட்டியலில் தெரியும் ஐபி முகவரியை பிரவுசரில் திறந்து, வைஃபை பெயர், கடவுச்சொல், நாடு ஆகியவற்றைக் கொடுங்கள். நாட்டைத் தவறாகக் கொடுத்தால் சில சேனல்கள் கண்ணுக்கே தெரியாது. பிறகு டிஏசி போர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து ரீபூட் செய்யுங்கள். பாட்டு ஓடுவதாகக் காட்டியும் சத்தமே வரவில்லை என்றால் பெரும்பாலும் போர்டு பெயர் தவறு. சர்வரையும் இதிலேயே நிறுவுவதானால் அதற்கு முன் கார்டின் பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டும், அந்தப் பக்கத்திலேயே பட்டன் இருக்கிறது. பைகோர்பிளேயர் முழுவதும் ரேமில் ஓடுவதால் பிளேயர் மட்டும் உள்ள பையை சுவிட்சில் பட்டென்று அணைத்தாலும் கார்டு கெடாது. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்களில் இது பெரிய நிம்மதி. டிஸ்க் மாட்டிய பையை மட்டும் முறையாக ஷட் டவுன் செய்ய வேண்டும்.

வைஃபையில் வேகம் யாருக்கும் பிரச்சினையாக வருவதில்லை, விட்டுவிட்டு வருவதுதான் பிரச்சினை. ஒன்பது இஞ்சு செங்கல் சுவர் இரண்டைத் தாண்ட வேண்டுமானால் 5 கிகாஹெர்ட்ஸை நம்பாமல் 2.4-இல், 1, 6, 11 ஆகிய சேனல்களில் பக்கத்து வீட்டு நெரிசல் குறைவான ஒன்றில் நிலையாக வையுங்கள். ரௌட்டரின் ஆட்டோ தேர்வு வேண்டாம். பையை உலோகப் பெட்டியில் போட்டு ஆம்ப்புக்குப் பின்னால் தள்ளினால் சிக்னல் பாதியாகும். பிளேயரில் பத்து நொடிக்கு மேல் பாட்டு எப்போதும் கையிருப்பில் இருக்கும்; அதனால் சின்னத் தடங்கல் காதுக்கே வராது. பாட்டு நிற்கிறது என்றால் தடங்கல் நீளமானது என்று பொருள். லேன் கேபிளில் அதே பாட்டை ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் குற்றவாளி வைஃபை, இல்லையென்றால் டிஸ்க் அல்லது மின்சாரம்.

பிளேயர் சர்வரைக் கண்டுபிடிக்கவே இல்லை என்ற புகாருக்கு நம் வீடுகளில் வழக்கமான காரணம் இரண்டு ரௌட்டர். ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, நாம் வாங்கியது ஒன்று. இரண்டும் தனித்தனியே ஐபி முகவரி வழங்கும். ஒரு பக்கம் 192.168.1, மறுபக்கம் 192.168.0 என்று இருந்தால் ஒன்றின் அழைப்பு மற்றொன்றுக்குப் போகாது. இரண்டாவதை, ஐபி முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. கெஸ்ட் வைஃபையிலும் இதே சிக்கல் வரும். சர்வருக்கு ரௌட்டரில் நிலையான முகவரி ஒதுக்கிவிடுவது நல்லது.

ஆம்ப்பில் ஆக்ஸ், சிடி, டேப் எந்தத் துளையிலும் செருகலாம், ஃபோனோவில் மட்டும் கூடாது. இசைத்தட்டின் மெல்லிய சிக்னலுக்கான பெருக்கம் அதில் இருப்பதால் ஒலி சிதைந்து வரும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் செட்டாப் பாக்ஸ் அல்லது டிவி கேபிளை ஆம்ப்பிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றால் காரணம் எர்த் லூப், அதாவது சாதனங்களின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிடுவது. எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுவதே முதல் மருந்து.

இனி டேக். மேற்கத்திய ஆல்பத்தில் ஒரே கலைஞர் என்பதால் அவர்களுக்கு இது சுலபம். நம் சினிமாப் படத்தில் ஆறு பாட்டுக்கு ஒன்பது பாடகர்கள். பாடகர் பெயரை ஆர்டிஸ்ட் இடத்தில் மட்டும் போட்டால் லிரியன் அந்த ஆல்பத்தைப் பலர் பாடிய தொகுப்பு என்று ஒதுக்கிவிடும். இசையமைப்பாளர் பெயரைத் தட்டினால் எதுவும் வராது. நன்றாக வேலை செய்யும் முறை இது: ஆல்பம் ஆர்டிஸ்ட், கம்போசர் இரண்டிலும் இசையமைப்பாளர், ஆர்டிஸ்ட் இடத்தில் பாடகர்கள், நடுவே அரைப்புள்ளி. செட்டிங்ஸில் அந்த அரைப்புள்ளியைப் பிரிப்பானாகக் கொடுத்து, கம்போசரையும் கலைஞர் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் ஜோடிப் பாட்டு இரு பாடகர்கள் பெயரிலும் கிடைக்கும்.

தமிழ் எழுத்தில் டேக் போடுவோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டி.எம்.சௌந்தரராஜன் பெயரின் முதல் எழுத்தைச் சிலர் ஔகாரக் குறியுடன் ஒரே எழுத்தாகத் தட்டுவார்கள். சிலர் 'செ' போட்டு அடுத்து 'ள' தட்டுவார்கள். திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும், சர்வருக்கோ இரு வேறு ஆட்கள். கலைஞர் பட்டியலில் அவர் இரண்டு முறை வந்தால் காரணம் இதுதான். டேக் திருத்தும் மென்பொருளான எம்பி3டேக்கில் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். எம்பி3 கோப்புகளில் ஐடி3வி1 என்ற பழைய வகை டேக்கை நீக்கிவிடுங்கள்; தமிழ் எழுத்துக்கு அதில் இடமே இல்லை, கேள்விக்குறிகளாகத்தான் வரும். ஆங்கில எழுத்தில் போடுவோருக்கு இளையராஜா பெயரின் பல எழுத்துக்கூட்டல்கள் இதே வேலையைக் காட்டும். திருத்தியபின் புதிய, மாறிய கோப்புகளை மட்டும் தேடச் சொன்னால் போதும். முழு நூலகத்தையும் அழித்து ஸ்கேன் செய்யத் தேவையில்லை.

1960-களின் மோனோ பாட்டும் இன்றைய பாட்டும் அடுத்தடுத்து வந்தால் ஒலியளவு தூக்கிப் போடும். கணினியில் ஓடும் ஃபூபார்2000 பிளேயரில், ஒவ்வொரு பாட்டின் ஒலியளவையும் அளந்து டேக்கில் பதியும் ரீப்ளேகெயின் ஸ்கேன் ஓட்டி, லிரியனில் ஸ்மார்ட் கெயின் தேர்ந்தெடுங்கள். ஆல்பமாகக் கேட்கும்போது ஆல்பத்துக்குள் உள்ள ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும், கலந்து கேட்கும்போது மட்டும் சமன் செய்யும். புதுப் பாட்டுகள் 8 முதல் 10 டெசிபல் வரை குறைக்கப்படுவது சாதாரணம். ஆம்ப்பின் குமிழைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்.

போனிலிருந்து இயக்க மெட்டீரியல் ஸ்கின் பிளக்இன் மிக நன்று, பிரவுசர் போதும். சமையலறையில் இன்னொரு பை வைத்து ஹாலோடு இணைத்தால் இரண்டும் சேர்ந்தே பாடும். எதிரொலி போலக் கேட்டால், பிந்தி ஒலிக்கும் பிளேயரின் செட்டிங்ஸில் ஆடியோ டிலே மதிப்பை மில்லிசெகண்ட் கணக்கில் ஏற்றிச் சரிசெய்யலாம்.

டிஸ்க் எப்படியும் ஒருநாள் போகும். இரண்டாவது டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். ஃப்ளாக் கோப்பின் தலைப்பகுதியில் மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற எண், கைரேகை போலப் பதிந்திருக்கும். ஃபூபார்2000-இன் சரிபார்ப்பு வசதி ஒவ்வொரு கோப்பையும் விரித்து அதனுடன் ஒப்பிட்டு, கெட்டுப்போனவற்றைப் பெயர் சொல்லிக் காட்டிவிடும். புதுப் பிரதி எடுப்பதற்கு முன் இதை ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் கெட்ட கோப்பு நல்ல பிரதியின் மேல் ஏறிவிடும்.