பிராசஸர் சூடு என்று கொடுத்தேன், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைப் பறிகொடுத்தேன்

வீட்டு கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? கேபினெட்டைத் தூக்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 4,800 ரூபாயும் இரண்டு வார வேலையும் போயிற்று.

2021-இல் அசெம்பிள் செய்த மெஷின் அது. பிராசஸர் இன்டெல் ஐ5-10400, அதன் மேல் உட்கார்ந்து சூட்டை இறக்கும் கூலர் (அலுமினியமும் ஃபேனும்) அதன் பெட்டியோடு வந்ததேதான். திருச்சியில் வீட்டிலேயே உட்கார்ந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். இந்தச் சித்திரையில் ஃபேன் போட்ட சத்தம் சமையலறை வரை கேட்டது. ஆல்பம் பக்கங்களை எக்ஸ்போர்ட் கொடுத்தால் பாதியிலேயே மெஷின் அணைந்துவிடும். வெப்பம் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 68 டிகிரி, எக்ஸ்போர்ட் கொடுத்ததும் 100.

இந்த பிராசஸருக்கு இன்டெல் சொல்லும் உச்ச வரம்பே 100 டிகிரிதான். அதைத் தொட்டால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் மெஷின் அணைந்துவிடும். தன்னைக் காத்துக்கொள்ள அது செய்கிற வேலை இது. அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது, ஏதோ எரிந்துவிட்டது என்று பயந்து கடைக்கு ஓடினேன்.

"வெச்சுட்டுப் போங்க சார், செக் பண்ணிச் சொல்றேன்" என்றார் கடைக்காரர். என் கண் முன்னால் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. "எஸ்எம்பிஎஸ் போயிருச்சு சார். அதனாலதான் பிராசஸருக்கு ஓவர் வோல்டேஜ் போய் ஹீட் ஆகுது." எஸ்எம்பிஎஸ் என்றால் வீட்டுக் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. நானும் தலையாட்டினேன். எஸ்எம்பிஎஸ் 2,600, 'பிராசஸர் சர்வீஸ்' 1,500, 'இம்போர்ட்டட் பேஸ்ட்' (பிராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்த இரண்டுக்கும் நடுவே வைப்பது) 700. ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, 'சர்வீஸ் 4,800' என்று எழுதிய துண்டுச்சீட்டு கிடைத்தது.

அந்த விளக்கம் சுத்தக் கதை. எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். அதை ஏறக்குறைய 1 வோல்ட்டாக இறக்கி பிராசஸருக்குக் கொடுப்பது மதர்போர்டில் இருக்கும் சர்க்யூட். எஸ்எம்பிஎஸ் கெட்டால் மெஷின் திடீரென்று அணையலாம், ஆன் ஆகாமலே போகலாம். சும்மா இருக்கிற பிராசஸர் 68 டிகிரி காட்ட அது காரணமாகாது.

ஐந்தே நாள். மறுபடி 100. திரும்பப் போனால், "போர்டு மாத்தணும் சார், 9,500 ஆகும்" என்கிறார். நல்லவேளை, அன்றைக்குக் கையில் பணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மெஷினை ஆன் செய்து எக்ஸ்போர்ட் போடச் சொன்னான். "மாமா, ஃபேன்ல விரல் படாம அந்த அலுமினியத்தைத் தொடுங்க." தொட்டேன். திரையில் 99 டிகிரி, விரலுக்கு அலுமினியம் ஜில்லென்று இருந்தது. "சூடு மேல ஏறவே இல்ல மாமா. பிராசஸருக்கும் கூலருக்கும் ஒட்டு இல்ல."

இன்னொன்றும் காட்டினான். எக்ஸ்போர்ட் கொடுத்த இரண்டு மூன்று நொடியில் 65-இலிருந்து 95-க்குத் தாவுகிறது, நிறுத்தினால் அதே வேகத்தில் விழுகிறது. அப்படி இருந்தால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் தூசி அடைப்பையோ காற்றோட்டத்தையோ பார்க்க வேண்டும். மூடிய மேஜை அறைக்குள் கேபினெட்டைச் செருகி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

கரண்டைப் பிடுங்கிவிட்டு கூலரை லேசாக அசைத்தான். ஒரு மூலை ஆடியது. இன்டெல்லோடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். குறுக்கு மூலையாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும், 'க்ளிக்' என்று சத்தம் வர வேண்டும். போர்டின் பின்பக்கம் பார்த்தால் நான்கு துளையிலும் வெள்ளைக் கால் விரிந்து, நடுவே கறுப்பு முனை தெரிய வேண்டும். எனக்கு மூன்றில்தான் தெரிந்தது.

கழற்றியதும் சிரித்துவிட்டான். பொருக்குத் தட்டிய பழைய சாம்பல் நிறப் பேஸ்ட் அப்படியே இருக்கிறது. அதன் மேலேயே புது வெள்ளைப் பேஸ்ட்டை இட்லிக்குச் சட்னி தடவுகிற மாதிரி தடவியிருக்கிறார்கள். 1,500 ரூபாய் 'பிராசஸர் சர்வீஸ்' அதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, துவரம்பருப்பு அளவுக்குப் புதுப் பேஸ்ட்டை நடுவில் வைத்து, நான்கு காலையும் அழுத்தினான். டியூப் விலை 280 ரூபாய். இப்போது சும்மா இருந்தால் 44, எக்ஸ்போர்ட்டில் 74. அதுவும் கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில்.

(இன்டெல்லுக்குப் பதில் ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 ரக பிராசஸர் வைத்திருப்பவர்கள் கூலரை ஒரேயடியாக இழுக்காதீர்கள். பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியில் 1,331 ஊசிகள் இருக்கின்றன. மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்துவிட்டு, மெல்லத் திருகி எடுங்கள்.)

அப்புறம்தான் பெரிய அதிர்ச்சி. புது எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் இறக்கையில் தூசி அப்பியிருந்தது, மேலே ஒட்டியிருந்த சீல் கிழிந்திருந்தது. பெயரே கேள்விப்படாத கம்பெனி. நான் முதலில் வாங்கிய பழையது 450 வாட், கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று பெற்றது. அது எங்கே போனது? கடையில் கேட்டால், "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்றார்கள்.

என் மனைவி எந்தப் பெட்டியையும் தூக்கிப் போடமாட்டார், அது எங்கள் வீட்டில் நிரந்தரச் சண்டை. பரணில் எஸ்எம்பிஎஸ் பெட்டி இருந்தது, அதில் சீரியல் எண்ணும் இருந்தது. பெட்டியின் போட்டோ, ஜிபே ரசீது, துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அதையும் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் என்றும் எழுதினேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

சாயங்காலமே போன். "சார், உங்க பழைய எஸ்எம்பிஎஸ் இங்கதான் இருக்கு, பையன் தெரியாம எடுத்து வெச்சுட்டான்."

அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியையும் எடுத்துப்போய் எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். என்னுடையதேதான். இப்போது அதுதான் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு தடவைகூட அணையவில்லை. 4,800 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை, புகாரும் திறந்தேதான் இருக்கிறது.