மெத்திலைப் பிடிக்க எந்த வழி நல்லது?

செயற்கை வைரப் படலம் வளர்க்கும் கலத்தில் டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2000 டிகிரி செல்சியஸில் தகதகக்கும். அதைத் தொடும் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. பிரிந்த அணு, பக்கத்தில் இருக்கும் மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்க, மெத்தில் (CH₃) என்ற தனி உறுப்பு, அதாவது இணையில்லா எலக்ட்ரானோடு எதையும் பற்றத் துடிக்கும் துணுக்கு, பிறக்கிறது. படலம் வளர ஹைட்ரஜன் அணு, மெத்தில் இரண்டும் வேண்டும். ஆனால் சுவரில் பட்டாலோ இன்னொன்றோடு மோதினாலோ காணாமல் போகிற இவற்றை எப்படி எண்ணுவது?

1929இல் பானெத்தும் ஹோஃபெடிட்ஸும் பயன்படுத்தியது ஈயப் பூச்சு. சூடான குழாயில் டெட்ராமெத்தில் ஈயம் சிதைந்து வரும் மெத்தில், சற்றுத் தள்ளிப் படிந்திருந்த ஈயத்தைக் கரைத்துக்கொண்டு போனது. அழகான சோதனை. ஆனால் எத்தில் (C₂H₅) என்ற இன்னொரு தனி உறுப்பும் ஈயத்தைக் கரைக்கும்; வந்தது எது என்று பூச்சு மட்டும் சொல்லாது.

இன்று பெரும்பாலும் கைக்கு எட்டுவது நிறை நிறமாலைமானி: வாயுவை எலக்ட்ரானால் அடித்து அயனியாக்கி, நிறைப்படி பிரித்து எண்ணும் கருவி. அதை வழக்கமான 70 எலக்ட்ரான் வோல்ட்டில் ஓட்டினால் ஏமாந்துபோவோம். அந்த அடியில் மீத்தேனே உடைந்து, நிறை 15இல் மெத்தில் அயனியைத் தரும். இழையிலிருந்து வந்ததா, கருவி உண்டாக்கியதா? பிரித்துச் சொல்ல முடியாது. சரி, எலக்ட்ரானின் ஆற்றலைக் குறைப்போம். மெத்திலை அயனியாக்க 9.84 போதும், மீத்தேனிலிருந்து மெத்தில் அயனியைப் பிய்க்க 14.3 வேண்டும். நடுவே 12இல் நிறுத்தினால் நிறை 15இல் தெரிவது உண்மையான மெத்தில்தான். விலையாகக் கொடுப்பது சமிக்ஞை: அது வெகுவாக மெலிந்துவிடும். அப்புறம் பலர் மறக்கும் ஒன்று: எலக்ட்ரானைத் தரும் கருவியின் இழையும் சூடான உலோகம்தான், அதுவும் வாயுவைச் சிதைக்கும். கலத்தின் இழையை அணைத்து ஒரு முறை, ஏற்றி ஒரு முறை அளந்து கழிக்காத எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

எலக்ட்ரானுக்குப் பதில் 118 நானோமீட்டர் ஒளியை அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை. 355 நானோமீட்டர் லேசர் கற்றையைச் செனான் வாயுவுக்குள் குவித்து இதை உண்டாக்குகிறார்கள். ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 10.5 எலக்ட்ரான் வோல்ட், மீத்தேனுக்கு 12.6 தேவை என்பதால் அது அசையாது. மெத்தில் மட்டும் தெரியும். சிலேன் (SiH₄) போன்ற வாயுவில் என்னென்ன உறுப்புகள் வருகின்றன என்றே தெரியாத நிலையில் நான் முதலில் தேர்வது இதைத்தான், ஒரே அலைநீளத்தில் பலவற்றைக் காட்டுவதால். ஒரு பெரிய குறை உண்டு: 13.6 வேண்டிய ஹைட்ரஜன் அணு இதற்குப் புலப்படாது. வைரக் கலத்தில் அது பாதிக் கதையை இழப்பது போல.

ஒத்ததிர்வுப் பல்ஃபோட்டான் அயனியாக்கம் அந்தக் குறையை நிரப்புகிறது. மெத்திலுக்கு 333.5, ஹைட்ரஜன் அணுவுக்கு 243 நானோமீட்டர்: இரண்டு ஃபோட்டான்கள் மேலே ஏற்றிவிட, மூன்றாவது எலக்ட்ரானைக் கழற்றும். ஒவ்வொன்றுக்கும் லேசரைத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். நிறமாலை தெரியாத உறுப்பைத் தேடவும் முடியாது. ஆனால் வைரக் கலத்தில் தேட வேண்டியவை எவை என்று முன்பே தெரியும். மேலும், இழைக்கு அருகிலேயே ஒளியைக் குவித்து, சிறு மின்முனையால் அயனிகளைச் சேகரிக்கலாம். நிறமாலைமானிக்குள் நுண்துளை வழியாக வாயுவை உறிஞ்சும்போது உறுப்புகள் சுவரில் பட்டு அழியும் கவலை அப்போது இல்லை.

லேசர் ஒளியை உறிஞ்சிய உறுப்பு திரும்ப உமிழும் ஒளியை அளக்கும் லேசர் தூண்டும் ஒளிர்வு முறை, சூடான பிளாட்டினத்திலிருந்து கிளம்பும் ஹைட்ராக்சிலுக்கு (OH) அருமையாக உதவும். இங்கே உதவாது: ஒளியை உறிஞ்சிய மெத்தில், ஒளிர்வதற்கு முன்பே உடைந்துவிடுகிறது.