லேட்டக்ஸா, சிலிக்கோனா? வீட்டில் கதீட்டரோடு இருப்பவர்களுக்கு எது நல்லது?

பக்கவாதம், புரோஸ்டேட் வீக்கம், முதுகுத்தண்டுக் காயம் என ஏதோ ஒரு காரணத்தால் சிறுநீர்க் குழாயோடு வீடு திரும்பியவருக்கு, அடுத்த தடவை மாற்ற எந்த டியூப் வாங்குவது என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். ஜார்ஜ்டவுன் பக்கம் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் லேட்டக்ஸ், சிலிக்கோன் இரண்டையும் காட்டுவார்கள். சிலிக்கோனுக்கு விலை கூடுதல்.

இரண்டுமே ஃபோலி வகைதான். நுனியில் சிறுநீர் நுழையும் துளை, அதற்குக் கீழே குழாயை உள்ளே நிறுத்தும் பலூன். வெளியே இரண்டு கிளை: ஒன்று பைக்கு, வால்வு உள்ளது பலூனுக்கு. வால்வுக் கிளையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 16 என்றால் வெளிவிட்டம் ஏறக்குறைய 5.3 மில்லிமீட்டர், 10 மி.லி. என்பது பலூனுக்கான தண்ணீர் அளவு. பெண்களுக்கு 12 அல்லது 14, ஆண்களுக்கு 14 அல்லது 16 பெரும்பாலும் போதும்.

லேட்டக்ஸ் மென்மையானது, உடம்போடு வளையும். பலூன் காலியானதும் பழையபடி வழவழப்பாக ஒட்டிக்கொள்வதால் எடுக்கும்போது வலி குறைவு. ஆனால் சுவர் தடிப்பு, உள்வழி குறுகல். எத்தனை நாள் வைக்கலாம் என்பது மேற்பூச்சைப் பொறுத்தது: டெஃப்லான் பூச்சு என்றால் 4 வாரம், ஹைட்ரோஜெல் பூச்சு என்றால் 12 வாரம் வரை. லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

முழு சிலிக்கோனில் சுவர் மெல்லிசு. அதே 16-இல் உள்வழி அகலம். கசடும் இரத்தக் கட்டியும் எளிதாக வெளியேறும். இதையும் 12 வாரம் வரை வைக்கலாம். குறைகள் பலூனில்தான். தண்ணீர் சிலிக்கோன் வழியாக மெல்லக் கசிந்து குறைவதால் குழாய் நழுவி வரலாம். காலியான பலூன் மடிந்து விளிம்பு கட்டும். அது வரும் வழியை உரசும். அதனால் மிஸ்ஸி (தாதி) மாற்றும்போது சிரிஞ்சை இழுக்காமல், தண்ணீர் தானாக ஏறும்வரை பொறுப்பது நல்லது. பலூனில் ஸ்டெரைல் வாட்டர் (கிருமி நீக்கிய தண்ணீர்) மட்டுமே. சலைன் (உப்புநீர்) ஊற்றினால் உப்புப் படிந்து அந்த வழி அடைபடலாம், அப்புறம் பலூன் காலியாகாது.

ஒரு மாதத்துக்கு மேல் தேவை என்றால் எங்கள் தேர்வு சிலிக்கோன். ஆனால் பெட்டியில் உள்ள 12 வாரத்தை அப்படியே நம்பாதீர்கள். புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக்கி சிறுநீரைக் காரமாக்கும். உப்புகள் படிகமாகித் துளையை மூடும். இதை முழுதாகத் தடுக்கும் குழாய் இன்னும் வரவில்லை. கழற்றிய குழாயின் நுனியைக் கையுறையோடு உருட்டிப் பாருங்கள். மணல் நறநறத்தால் அடைப்பு நெருங்கிவிட்டது என்று பொருள். மூன்றாவது வாரத்தில் அடைக்கிறவருக்கு அதற்கு முன்பே மாற்றும் தேதி குறிக்கவேண்டும்.

குழாயைச் சுற்றிச் சிறுநீர் கசிந்தால் பலர் பெரிய சைஸ் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் வினையைக் கூட்டும். குழாய் மடிந்திருக்கிறதா, மலச்சிக்கலா, பையின் எடை இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழாயைத் தொடையில் ஒட்டிவையுங்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கட்டும், தரையில் படக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலிசெய்யுங்கள். சிறுநீரில் கிருமி இருப்பது ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் நடப்பதுதான். காய்ச்சலோ நடுக்கமோ இல்லாமல் அதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது.

கை நன்றாக வேலை செய்கிறவர், அல்லது கூடவே ஆள் இருக்கிறவர், லேட்டக்ஸ், சிலிக்கோன் இரண்டையும் விட்டுவிட்டு நாளுக்கு 4 முதல் 6 தடவை குழாய் விட்டு எடுக்கும் முறையைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். நிரந்தரக் குழாயைவிடத் தொற்று குறைவு.

அடிவயிற்றில் துளையிட்டு வைக்கும் குழாய் சிறுநீர்த்தாரையைக் காப்பாற்றும். ஆனால் கழன்றுவிட்டால் துளை வெகு சீக்கிரம் மூடிக்கொள்ளும். கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்தக் குழாயானாலும், பையில் சொட்டுக்கூட விழாமல் வயிறு உப்பினாலும் அதே அவசரம்தான்.